மாடிப் போர்ஷனுக்கு வந்த ஏழுகோடி சார்

தாழம்பூ நகர் மூன்றாம் குறுக்குத் தெருவின் பதினேழாம் எண் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு, பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வெயில் ஏறித் தெருநாய்கள் கார்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட பதினொரு மணிக்கு, ஆட்டோவில் ஓர் எண் குடிவந்தது. கதவில் ஆணியடித்து மாட்டுகிற எண் இல்லை, போனில் தட்டுகிற எண்ணும் இல்லை. எட்டு இலக்கம் கொண்ட, பின்னம் தசமம் என்று எந்தப் பிசிறும் ஒட்டாத முழு எண். ஏழு முதலில் இறங்கியது. பிறகு மூன்று, ஒன்பது, மறுபடி மூன்று, ஒன்பது, அதன் பின்னால் ஒல்லியாக ஓர் ஒன்று, கடைசியில் இரண்டு மூன்றுகள். இறங்கி வரிசை கலையாமல் கேட்டுக்கு வெளியே நின்றன.

“எட்டுப் பேரை ஏத்த மாட்டேன்னு சொன்னேன்மா. ஒரே ஆள்தாங்கிறாரு” என்று ஆட்டோக்காரர் முறையிட்டார்.

வீட்டுக்காரி செலின் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த கையோடு வெளியே வந்தாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கணவர் அலோசியஸ் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாயிற்று, மகள் நியூசிலாந்தில் இருந்தாள். கன்னியாஸ்திரிகள் பன்னிரண்டு வருஷம் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு ஏறாத ஒரே பாடம் பொறுமை. எதிராளி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைக்கிறவள் அவள்தான்.

“மாடி வாடகைக்கு என்று பலகை பார்த்தேன்” என்றது எண். குரல் ஒன்றுதான், எட்டுப் பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது.

“சைவமா, அசைவமா?”

“எதுவும் சாப்பிடுவதில்லை.”

“அப்ப வம்பில்லை. தண்ணி?”

“இலக்கத்துக்கு ஒரு செம்பு.”

“பேரு?”

“ஏழு கோடியே...”

“சரி சரி, ஏழு கோடி.”

“...முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்துமூன்று” என்று எண் நிதானமாகச் சொல்லி முடித்தது. “மன்னிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அது வேறொருவர் பெயர்.”

குறுக்கே வெட்டிப் பேசியும் நிற்காமல் தன் வாக்கியத்தைத் தானே முடித்த ஒருவரை செலின் நான்கு வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தாள். சாவியைக் கொடுத்தாள். தெருச் சங்கத்தின் குடியிருப்போர் ரெஜிஸ்டரில், உறுப்பினர் எத்தனை என்ற கட்டத்தில் ‘எட்டு’ என்று எழுதி, பக்கத்தில் ‘குடும்பம்’ என்றும் போட்டாள்.

தெரு அவரை எப்படிச் சேர்த்துக்கொண்டது என்றால், புதிதாக வந்த வாஷிங் மெஷினைச் சேர்த்துக்கொள்வதுபோல: முதல் வாரம் சுற்றி நின்று பார்த்தது, இரண்டாம் வாரம் குறை சொன்னது, மூன்றாம் வாரம் ‘எங்க தெருவுல இருக்கே’ என்று அடுத்த தெருக்காரர்களிடம் பீற்றிக்கொண்டது. ‘அது’ என்பதா ‘அவர்’ என்பதா என்று கொஞ்ச நாள் தடுமாறி, ஒரு நாள் அவர் பால்காரருக்கு வணக்கம் சொன்னதும் ‘ஏழுகோடி சார்’ என்று நிலைத்துவிட்டது. பேரில் நியூமராலஜி பார்க்கிற பதிமூன்றாம் வீட்டுக்காரர் கூட்டிப் பார்த்து, முப்பத்தெட்டு, அதைக் கூட்டினால் பதினொன்று, அதையும் கூட்டினால் இரண்டு, சந்திரன் நம்பர், சாதுவான ஆள், பயமில்லை என்று சான்றிதழ் கொடுத்தார். பக்கத்து வீட்டு ஜீனத் மட்டும், “பேர்லயே ஏழு கோடி இருக்கு, ஒரு ஃபேன் வாங்கிப் போட்டுக்கலாம்ல மனுஷன்” என்றாள்.

காலையில் குளித்துவிட்டு அவர் மொட்டைமாடிக் கொடியில் காய்வார். எட்டு இலக்கமும் வெயிலில் வரிசையாகத் தொங்கும். காற்று அடித்து இரண்டு பேர் இடம் மாறிவிட்டால் வேறொரு ஆளாகிவிடுவாரே என்று செலின் தன் வீட்டுக் கிளிப்புகளையெல்லாம் கொண்டுபோய் இலக்கத்துக்கு இரண்டாக மாட்டிவைத்தாள். நான்கு பேர் ஒரே மாதிரி மூன்றாக இருந்தார்கள். அவர்களுக்குள் யார் பத்தாமிடம், யார் பத்து லட்சத்திடம் என்று அவர்களுக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியவில்லை.

“ஏன் இங்க வந்தீங்க?” என்று ஒரு நாள் கேட்டாள், போர்வையைப் பிழிந்தபடி.

“எனக்கு இரண்டு பக்கமும் பெரிய குடும்பங்கள். எனக்கு ஒன்று குறைந்தவர் வீட்டில் இரண்டு இருக்கிறது, நான்கு இருக்கிறது. ஒன்று கூடியவர் வீட்டில் இரண்டு, மூன்று, ஆறு. எந்நேரமும் சத்தம், வருவதும் போவதும்.”

“உங்களுக்கு யாரு இருக்கா?”

“ஒன்று இருக்கிறது. அது எல்லாருக்கும் சொந்தம். அப்புறம் நான்.”

செலின் போர்வையை உதறினாள். அவருக்குப் பக்கத்திலேயே கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்குத் துணி இருக்கிறதோ இல்லையோ அவள் மாடி ஏறினாள். அவர் கேள்வி கேட்பார். யாரும் அவளை நாளதுவரை கேட்காத கேள்விகள்: பூண்டு உரிக்கையில் எத்தனை பல்லில் போதும் என்று தோன்றும், ஜெபமாலையில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா? அவள் யோசித்துப் பதில் சொன்னாள். யோசிப்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான் சங்கச் செயலாளர் வேதமூர்த்தி ரெஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அரசு வேலையில் ஓய்வுபெற்றவர். எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் நடுநாற்காலி அவருடையது.

“செலினம்மா, ஒரு பெட்ரூம் போர்ஷன்ல எட்டுப் பேரா? போர் தண்ணி என்னத்துக்காகும்?”

“எட்டுப் பேர் இல்லை சார். எட்டு இலக்கம். ஆள் ஒருத்தர்தான்” என்று செலின் பட்டென்று சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் வாயே தனக்கு வைத்த வினை புரிந்தது.

“ஒருத்தரா?” வேதமூர்த்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். “தனி ஆளா?”

அந்தத் தெருவில் தனி ஆட்களுக்கு வாடகைக்கு வீடு விடக்கூடாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்கு பையன்கள் ஒரு மாடியில் தங்கி, பனியனோடு வாசலில் நின்று பல் தேய்த்தார்கள் என்பதற்காக இயற்றப்பட்ட விதி அது. பையன்கள் போய்விட்டார்கள். விதி மட்டும், தெருமுனையில் பச்சைப் பலகையில், ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று நின்றுகொண்டிருந்தது.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். முப்பத்திரண்டு வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஏழுகோடி சாருக்கு எட்டு நாற்காலி போடுவதா ஒன்று போடுவதா என்று சின்னச் சண்டை நடந்து, கடைசியில் பெஞ்சு போட்டார்கள். ஓர் எண்ணுக்குக் குடும்பம் என்றால் என்ன என்று வேதமூர்த்தி கேட்க, எல்லாரும் குஞ்சிதம் டீச்சரைப் பார்த்தார்கள். குஞ்சிதம் டீச்சர் முப்பத்துநான்கு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்த வீடு என்பதால் விதி அவரைத் தொடவில்லை.

“மீதியில்லாம உள்ள போறவங்கதான் குடும்பம்” என்றார் டீச்சர். “பன்னெண்டை எடுத்துக்குங்க. ரெண்டு, மூணு, நாலு, ஆறு, வீடு நிறைய ஆள். பதிமூணை எடுத்துக்குங்க. ஒண்ணும் தானும். ஒண்ணு எல்லார் வீட்டுக்கும் வந்து போறது, அதைக் கணக்குல சேக்க முடியாது. பதிமூணு ஒண்டிக்கட்டை.”

“அப்ப இவர்?”

“வகுத்துத்தான் பாக்கணும்.”

“நீங்களே சொல்லிருங்களேன் சார், இருக்கா இல்லையான்னு” என்று ஜீனத் பெஞ்சைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் சொன்னால் அது வெறும் பேச்சு” என்றார் ஏழுகோடி சார். “நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் கணக்கு.”

போனில் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றார் யாரோ. ஸ்டெப்ஸ் காட்டாத விடைக்குத் தன் ஆயுளில் மார்க் போட்டதில்லை என்றார் டீச்சர், அத்தோடு அந்தப் பேச்சு செத்தது. எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரை பார்த்தால் போதும், அதற்கு மேலே ஒருவர் இருந்தால் அவருக்கு ஜோடி அதற்குக் கீழே இருந்தாக வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். அதிலும் உடையாத எண்களை மட்டும் பார்த்தால் போதும், ஏனென்றால் ஆறு உள்ளே போகிற வீட்டில் இரண்டு ஏற்கனவே போயிருக்கும். அப்படிப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு முப்பத்துச் சொச்சம். மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும், டீச்சரின் கையெழுத்தில், அந்த வீட்டுக்கான பட்டியல் கிடந்தது.

அந்த ஒன்பது நாள் தாழம்பூ நகர் மூன்றாம் குறுக்குத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும்: குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு வகுத்தல், சீரியலின் விளம்பரத்துக்குள் ஒரு வகுத்தல், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், கேஸ் பில்லின் முதுகு, மளிகை லிஸ்டின் ஓரம் எல்லாம் ஏழும் மூன்றும் ஒன்பதுமாக நிறைந்து, பேசாதிருந்த மாமியாரும் மருமகளும் ‘கடன் வாங்கினியா, பக்கத்துல ஒண்ணு போட்டியா’ என்று பேச ஆரம்பித்து, பள்ளிக்கூடம் விட்டு முப்பது வருஷமான ஆண்கள் பெருக்கல் வாய்ப்பாட்டைக் குளியலறையில் முணுமுணுத்து, சாயங்காலம் தெருவில் சந்தித்துக்கொண்டால் சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதில் ‘மீதி எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டார்கள். ஏழில் மீதி இரண்டு. பதின்மூன்றில் மீதி எட்டு. பத்தொன்பதில் மீதி ஆறு. எல்லார் வீட்டிலும் எதாவது மிஞ்சியது.

நாலாம் நாள் ஜீனத் வீட்டில் மிஞ்சவில்லை. “செலின்க்கா! முப்பத்தொண்ணு போயிருச்சு! சுத்தமா போயிருச்சு!” என்று காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்; டீச்சர் வருவதற்குள் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். டீச்சர் கேசரியை ஒரு கையில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

“முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். ரெண்டு முப்பத்தொன்பது வரணும் ஜீனத். நீ ஒண்ணை விட்டுட்டே. ஏழு லட்சத்துச் சொச்சம் ஒருத்தரை வகுத்திருக்கே. அவருக்கு முப்பத்தொண்ணு இருக்கு, வாஸ்தவம். இவருக்கு மீதி பத்து.”

“ஒரே மாதிரி ரெண்டு தடவை வந்தா தப்பா எழுதிட்டோம்னுதானே தோணும்” என்று ஜீனத் அழுதேவிட்டாள். கேசரியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் முப்பத்திரண்டு பட்டியலும் திரும்பி வந்தன. எதுவும் போகவில்லை. இரண்டிலிருந்து எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை, அவருக்குள் போய் உட்கார ஒரு பிராணி இல்லை. செலின் கடைசிப் பட்டியலை மூன்று முறை பார்த்தாள். இது அவர் வீட்டுப் பிரச்சினை, நான் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று தன்னையே அதட்டினாள். பத்து மணிக்கு மாடியில் ஓர் ஆள் இல்லாமற் போனால் பதினொன்று எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் காரணம்.

“நானும் மனுஷன்தாம்மா” என்றார் வேதமூர்த்தி. “ஒரு வழி சொல்றேன். எட்டு இலக்கமும் சேந்திருக்கிறதாலதானே இந்த நிலைமை? கடைசியா இருக்கிற மூணு மட்டும் வேற ஜாகை பாக்கட்டும். மிச்சம் ஏழு இலக்கம். அதுக்கு யாராவது தேறினா, குடும்பம்னு நானே கையெழுத்துப் போடுறேன்.”

செலின் ‘என்ன திமிர்’ என்று ஆரம்பிப்பதற்குள் ஏழுகோடி சாரின் கடைசி மூன்று எழுந்து போய்க் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. “பார்க்கலாம்” என்றார் மிச்சமிருந்தவர். “எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.”

எழுபத்துமூன்று லட்சத்துச் சொச்சம் ஆகிவிட்ட அவரைத் தெரு மறுபடி வகுத்தது. ஆள் சிறுத்ததால் மூன்று நாளில் முடிந்தது. போகவில்லை. இன்னொரு மூன்றும் சுவருக்குப் போனது. ஏழு லட்சத்துச் சொச்சம், ஒரே நாள், போகவில்லை. ஒன்று போனது, ஒன்பது போனது. டீச்சர் காகிதத்தில் எழுதுவதை விட்டுவிட்டு விரலால் காற்றில் வகுத்தார். ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றுமூன்று, ஒரு டீ குடிக்கிற நேரம், போகவில்லை. எழுநூற்று முப்பத்தொன்பது. எழுபத்துமூன்று. ஒவ்வொரு தடவையும் வேதமூர்த்தி ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்றார், அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது, ஆரம்பித்ததை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, தெருவுக்கும் தெரியவில்லை. எட்டிப் பார்க்கிற ஆசை அப்படி.

கடைசியில் நடுத்தெருவில், நண்பகல் வெயிலில், நிழல்கூட ஒழுங்காக விழாமல் ஓர் ஏழு மட்டும் நின்றது. ஏழு பேர் சுவர்மேல் உட்கார்ந்து கால் தொங்கப் போட்டிருந்தார்கள்.

“ஏழு?” என்றார் வேதமூர்த்தி, சுரத்தில்லாமல்.

“ஏழும் தனிதான்” என்றார் குஞ்சிதம் டீச்சர். தரையைப் பார்த்துச் சொன்னார்.

எட்டாகச் சேர்ந்து நின்றாலும் ஒற்றை, எங்கே வெட்டினாலும் ஒற்றை. ஜீனத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “போதும்யா, விட்டுருங்க” என்றாள். செலின் சுவரருகே போய், ஸ்கூலில் மதர் சுப்பீரியர் அசெம்பிளியில் நிற்கவைப்பதுபோல ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கி வரிசையில் நிறுத்தினாள். யார் எந்த மூன்று என்று கேட்கவில்லை. அவர்களே சரியாக நின்றுகொண்டார்கள்.

“விதி விதிதானேம்மா” என்றார் வேதமூர்த்தி. குரல் இறங்கியிருந்தது. “வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிடுங்க.”

“அப்ப என்னையும் காலி பண்ணுங்க சார். கீழ நானும் ஒருத்திதான்.”

“உங்களுது சொந்த வீடு. அது வேற.”

“எது வேற? செவுரா?”

அவர் ரெஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குஞ்சிதம் டீச்சர் வந்தார். கூப்பிடாமல் யார் வீட்டுக்கும் போகாதவர். நாற்பது பக்க நோட்டு ஒன்று கையில். விரலெல்லாம் சிவப்பு மை.

“செலின், தப்பு பண்ணிட்டோம். ஒவ்வொண்ணா கழிச்சுப் பாத்தோமே, சேத்துப் பாத்தோமா?”

“சேத்தா?”

“அவருக்குப் பின்னால இன்னொரு இலக்கம் நின்னா? பத்தையும் போட்டுப் பாத்துட்டேன். ரெட்டைப்படை நின்னா ரெண்டு வருது. அஞ்சு நின்னா அஞ்சு வருது. ஒண்ணோ ஏழோ நின்னா மூணு வருது. மூணும் ஒன்பதும்தான் மூணு நாளா என் கையை ஒடிச்சுது, கடைசியில அதுவும் உடைஞ்சுது.” டீச்சர் மூச்சு வாங்கினார். முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை எந்த மாணவியும் பார்த்திருக்க மாட்டாள். “யார் நின்னாலும் சரி செலின். குறைச்சா எங்கயும் உடைய மாட்டேங்கிறவர், பக்கத்துல யார் வந்து நின்னாலும் குடும்பமாயிடுறாரு!”

செலின் மாடி ஏறினாள். விஷயத்தைச் சொன்னாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்தவர் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு இறங்கி வரிசையாக நின்றார்.

“அதை நான் பார்த்ததில்லை. என் பின்னால் யாரும் நின்றதில்லை” என்றார். பிறகு, “ஆனால் ஒன்று. நீங்கள் நிற்கிற வரைக்கும் நான் நானாக இருக்க மாட்டேன். எழுபத்துமூன்று கோடிக்கு வேறொருவர் இருப்பார். அவருக்கு உங்களைத் தெரியுமோ தெரியாதோ.”

“நான் மட்டும் நானா இருப்பேனா?” என்றாள் செலின். “அஞ்சு நிமிஷம். ரெஜிஸ்டர் எழுதி முடிக்கிற வரைக்கும். அப்புறம் நீங்க மாடியில நீங்க, நான் கீழ நான். சரியா?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வேதமூர்த்தியும் தெருவும் வாசலில் நிற்க, ஏழுகோடி சார் இறங்கி வந்து வரிசையாக நின்றார். செலின் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கடைசி மூன்றுக்கு வலப்பக்கம், புடவையை இழுத்துச் செருகி, கைகளை ஒட்டவைத்து நேராக, ஒன்றாக நின்றாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடப்பக்கத்தில் எட்டுப் பேரும் ஒரு படி மேலே ஏறியதுபோல இருந்தது, பத்தாமிடத்தவர் நூறாமிடத்துக்கு, லட்சம் பத்து லட்சத்துக்கு, ஏழு எழுபதுக்கு. அந்த முழுப் பாரத்தின் கடைசி முனையை அவள் ஒருத்தி பிடித்திருப்பது தோளில் தெரிந்தது. கல்யாணத்தன்றுகூட இப்படித் தெரிந்ததில்லை.

“கூட்டினா முப்பத்தொன்பது” என்றார் டீச்சர். “மூணு போகும்.”

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையிலிருந்து மூன்று வந்தது, கையில் ஒரு மஞ்சள் பையோடு. அதன் பின்னால் ஓர் ஏழு. இருபத்தொன்று, நாற்பத்தொன்பது, மூட்டை முடிச்சோடு நூற்று நாற்பத்தேழு. அவர்களுக்குப் பின்னால் ஐம்பது லட்சத்துச் சொச்சம் என்று ஒரு பெரியவர், வெயிலுக்குக் குடை பிடித்தபடி. எல்லாரும் கேட்டைத் திறந்துகொண்டு, எத்தனையோ வருஷம் வந்துபோன வீடுபோல, நேராக உள்ளே போனார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டார். ஒருவர் பாத்ரூம் எங்கே என்றார்.

“இத்தனை பேருக்குப் போர் தண்ணி...” என்று வேதமூர்த்தி ஆரம்பித்தார்.

“குடும்பம்னா தண்ணி செலவாகத்தான் செய்யும்” என்று ஒன்றாமிடத்திலிருந்து செலின் முடித்துவைத்தாள். “எழுதுங்க சார்.”

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, சீல் வைத்தார். செலின் ஒரு எட்டு விலகினாள். உள்ளே போனவர்கள் வந்தபடியே திரும்பிப் போனார்கள். மூன்றுதான் காபி வருமா என்று வாசலைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது.

“எப்படி இருந்தது?” என்று கேட்டார் மறுபடி தானாகிவிட்ட ஏழுகோடி சார்.

“எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு?”

“இல்லை” என்றார் அவர். “யாரோ நிறையப் பேர் பேசினார்கள் என்பது மட்டும்.”

அது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மறுநாள் பத்து மணிக்கு அவர் கொடியில் இருந்தார். அது போதுமாக இருந்தது.

மாதாமாதம் முதல் ஞாயிறு ரெஜிஸ்டர் சரிபார்க்க வேண்டும் என்று வேதமூர்த்தி சொன்னபோது, உங்க வீட்ல குடும்பம் இருக்கான்னு மாசாமாசம் யாராச்சும் எண்ணிப் பாக்குறாங்களா என்று செலின் கேட்டாள். கேட்டாலும், யார் நின்றாலும் சரி என்று ஆகிவிட்டதால், லாரித் தண்ணீருக்கு முறை போட்டுக்கொள்வதுபோல தெரு இதற்கும் முறை போட்டுக்கொண்டது. குஞ்சிதம் டீச்சர் ஒன்பதாக நின்றார், மறுமாதமும் நானே நிற்கிறேன் என்று அடம் பிடித்தார். ஜீனத் ஐந்தாக நின்றாள். பதிமூன்றாம் வீட்டுக்காரர் ராசி பார்த்து ஆறாக நின்றார். அவரவருக்குப் பிடித்த இலக்கம். சைபராக நிற்க மட்டும் யாரும் ஒப்பவில்லை. அதற்கு எங்களை வீட்டிலேயே உட்காரச் சொல்லுங்களேன் என்றார்கள். சைபர் நின்றால் அவரே பத்து மடங்கு, அப்போது மட்டும்தான் வருகிற கூட்டத்தில் அவரே முழுசாக ஒருவராக இருப்பார், வேறு யார் நின்றாலும் அவர் காணாமற் போய்விடுகிறார் என்று டீச்சர் நோட்டை விரித்துக் காட்டியும், தெருவில் ஒருவரும் அசையவில்லை. செலினும் அசையவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மழை விட்ட சாயங்காலம், வேதமூர்த்தி வந்தார். அக்குளில் ரெஜிஸ்டர் இல்லை. அவர் மனைவி மகளின் பிரசவத்துக்குப் புனே போய் ஒரு மாதமாகிறது, மனிதர் மெஸ் சாப்பாட்டில் இளைத்துவிட்டார் என்று ஜீனத் சொல்லியிருந்தாள்.

“முதல் ஞாயிறு போய்ப் பத்து நாளாச்சே சார்” என்றாள் செலின், அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து.

“தெரியும்மா.” நனைந்த குடையை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். “மாடியில யாராச்சும் நிக்கிறாங்களா?”

“இல்லை. அவர் மட்டும்தான்.”

“நான் கொஞ்ச நேரம் நிக்கலாமா? சும்மாத்தான். என்ன இலக்கமா இருந்தாலும் சரி.” தரையைப் பார்த்தார். “சைபர் ஆள் கிடைக்கலைன்னு டீச்சர் சொன்னாங்க.”

செலினுக்கு நாக்கில் மூன்று பதில் தயாராக வந்து நின்றன, ஒன்றைவிட ஒன்று காரமாக. அவள் பாலுக்கு அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“செருப்பை இங்கயே விட்டுட்டு ஏறுங்க சார். கடைசியா நில்லுங்க, என்ன? கூட்டத்துல நிக்கிற மாதிரி முன்னாடி போய் நின்னுடாதீங்க. முன்னாடி நின்னா சைபர் நிக்கிறதே யாருக்கும் தெரியாது. பின்னாடி நின்னீங்கன்னா அத்தனை பேரும் பத்து மடங்கு.”

அவர் தலையாட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். செலின் அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு இரண்டு வந்தது, ஐந்து வந்தது, பத்து வந்தது, ஈரக்காலோடு படியேறிப் போயின. அவர்களுக்குப் பின்னால், எட்டு இலக்கமும் வரிசை கலையாமல், ஏழுகோடி சாரே தெருவிலிருந்து நடந்து வந்தார். ஜன்னலைக் கடக்கும்போது நின்று அவளைப் பார்த்தார். தெரிந்தவரைப் பார்க்கிற பார்வைதான்.

“மேலே நிறையப் பேர் போலிருக்கிறதே” என்றார்.

“ஆமா. நீங்களும் போங்க” என்றாள் செலின், பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே. “பத்து நிமிஷத்துல நான் காபி எடுத்துட்டு வர்றேன்.”